தொட்டிக்கு ஒரு பிடி

அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். எந்த வீட்டில் என்ன சமையல் என்று மற்றவர்களுக்கு மூக்கை வைத்துத்தான் தெரியும். முயலக்காவுக்குக் கையை வைத்தே தெரியும். காலை ஏழு மணிக்குள் அவளுடைய பின்பக்கக் கம்பிக் கேட்டில் பைகள் வரிசையாகத் தொங்கிவிடும். கேரட் தழை, முட்டைக்கோஸின் மேல் இலை, முள்ளங்கிக் கொண்டை, பட்டாணித் தொலி. யார் வீட்டில் பாதிக் காயைத் தோலோடு சேர்த்து வெட்டி எறிகிறார்கள், யார் வீட்டில் மூன்று நாளாக அடுப்பே பற்றவில்லை, அந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன தகராறு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். வந்த பை வெறுமனே திரும்பக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பைகள் முயல் புழுக்கை நிரம்பி அதே கேட்டில் தொங்கும்.

முகத்துக்கு நேரே முயலக்கா, முதுகுக்குப் பின்னால் புழுக்கையக்கா. இரண்டாவது பெயரை வைத்தது மூன்றாம் மாடி என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பைக்கு ஒரு பிடி குறைத்துப் போடலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். பிறகு, வாய்க்கொழுப்பு அவர்களுக்கு, செடி என்ன பாவம் செய்தது என்று வழக்கம்போலவே அள்ளிப் போட்டாள்.

பதினேழு வயதில் அவளுக்கு அப்பா போனார். அம்மா படுத்த படுக்கை. தம்பிக்கு ஏழு வயது. சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் காஜா மெஷினில் போய் உட்கார்ந்தாள். காஜா என்றால் பொத்தான் நுழைகிற ஓட்டை. சட்டையை வேறு யார் யாரோ தைப்பார்கள். அவள் ஓட்டை மட்டும் போடுவாள். இருபத்தேழு வருடம் போட்டாள். முகம் தெரியாத எத்தனையோ பேர் அவள் போட்ட ஓட்டையில் பொத்தானை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கும் வேலைக்கும் ஊர் சுற்றவும் போயிருப்பார்கள். அவள் எங்கேயும் போகவில்லை.

நடுவில் ஒரு வரன் வந்தது. அதே தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவன். பார்க்கவும் பரவாயில்லை, பேச்சும் பரவாயில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. பதினான்கு வயதுத் தம்பி அன்றைக்குச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "நீ போயிட்டா எனக்கு யாருக்கா இருக்கா?" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. துணி வெட்டியவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, சூப்பர்வைசராகவும் ஆகி, அடுத்த எட்டு வருடம் அவள் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு "காஜா கோணலா போகுது பாரு" என்று அதட்டினான். விதி சும்மா போகாது. திரும்பி வந்து குறையும் சொல்லிவிட்டுத்தான் போகும்.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. பெரிய விளையாட்டு மைதானம் ஒன்றில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று, இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வீடும் ஆயிற்று. வீடு தம்பியின் பெயரில். சமையலறைக்குப் பின்னால் அக்காவுக்கு ஓர் அறை. கட்டிலைப் போட்டால் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில்தான் தள்ள வேண்டும். ஆனால் அந்த அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே பதினோரு அடிக்கு ஒன்பது அடியில் ஒரு கொல்லை இருந்தது. கண் மங்கி, காஜா உண்மையாகவே கோணலாகப் போக ஆரம்பித்து, வேலையை விட்டு அவள் வீட்டோடு உட்கார்ந்தபோது அந்தக் கொல்லையில் ஒரு குழாயும் உடைந்த வாளியும்தான் கிடந்தன.

எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனபோது ஒரு கூண்டை விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே இரண்டு முயல். "ரெண்டும் பொட்டைதான், ஒரு தொந்தரவும் இருக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒரு மாதத்தில் இரண்டு ஆறாகிவிட்டது.

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவள் வளர்த்தாள். தினமும் பெருக்கித் தள்ளுகிற புழுக்கையை எங்கே போடுவது என்று தெரியாமல், செத்துக்கொண்டிருந்த எலுமிச்சைத் தொட்டி ஒன்றில் கொட்டிவந்தாள். சாகிற செடிக்கு இன்னும் கொஞ்சம் அசிங்கம் பட்டால் என்ன என்ற நினைப்புதான். இருபது நாளில் அந்தக் குச்சியில் தளிர் விட்டது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

அதற்குப் பிறகு அது வேலையாகிவிட்டது, அதுவும் அவளே வகுத்துக்கொண்ட வேலை. கூண்டுகளுக்குக் கம்பிவலைத் தரை. அதற்குக் கீழே சரிவாக ஒரு தகரம். மூத்திரம் ஓரமாக வழிந்து வாளிக்குப் போய்விடும், புழுக்கை மட்டும் உலர்ந்து நிற்கும். அதைச் சாக்கில் பரப்பி ஒரு நாள் நிழலில் போட்டால் வாடையே இருக்காது. தொட்டிக்கு ஒரு பிடி. தண்டை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் தள்ளிச் சுற்றிலும் தூவி, மண்ணை லேசாகக் கிளறி மூடி, தண்ணீர் விட வேண்டும். இதை அவள் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வார்த்தையில், ஒரே ராகத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர்தான். இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். கட்டடச் சங்கத்துக்குத் தலைவர். மொட்டைமாடியில் பதினெட்டுத் தொட்டித் தக்காளிக்குச் சொந்தக்காரர்.

"பச்சை எருவை யாராவது செடிக்குப் போடுவாங்களாம்மா? வேர் வெந்து போயிடும். எந்த எருவா இருந்தாலும் ஆறு மாசம் மக்கணும்."

"ஆட்டுப் புழுக்கைக்கும் கோழி எச்சத்துக்கும் நீங்க சொல்றது சரி சார். அது சூடு. இது அப்படியில்ல. இன்னைக்கு விழுந்ததை இன்னைக்கே போடலாம்."

"நான் முப்பத்தஞ்சு வருஷ அனுபவத்துல சொல்றேன்."

"முப்பத்தஞ்சு வருஷம் தபாலுக்கு முத்திரை குத்தினீங்க சார். எருவுக்குக் குத்தலையே."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனுஷன். ஆனாலும் ஒரு தொட்டிக்கு மட்டும் போட்டுப் பார்த்தார். அந்த ஒரு தொட்டி மற்ற பதினேழையும் வெட்கப்பட வைத்தது. அடுத்த மாதம் மொட்டைமாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை ஏறியது. தபால் ஆபீஸ் எழுத்தில், கோடு போட்டு: 'இத்தோட்டத்துக்கு உரம் வழங்குபவர்: கீழ்த்தளம் முயலக்கா.' தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறிப் போய் அவள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள். இருபத்தேழு வருடம் போட்ட ஓட்டையில் ஒன்றின்மீதும் யாரும் அவள் பெயரை எழுதிவைத்ததில்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை.

இப்படிப் பதினோரு வருடம். முயல்கள் பதினான்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டாள். மிஞ்சுகிற குட்டிகளை முயல் பண்ணைக்காரர் ஒருவர் வந்து எடுத்துப்போவார். பண்ணையில் அவை என்ன ஆகும் என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முதல் ஜோடியில் மிஞ்சிய பெட்டை முயலை மட்டும் கிழவி என்று கூப்பிட்டு, அதன் வயதுக்கு மீறி வைத்துக் காப்பாற்றினாள்.

தம்பிக்கு இதெல்லாம் அருவருப்பு. சாக்கில் புழுக்கை காய்ந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் தாண்டிப் போவான். "கையைக் கழுவிட்டு உள்ள வாக்கா" என்பான். தம்பி பெண்டாட்டி அப்படியில்லை, காரியக்காரி. முன்னறை பால்கனியில் அவளுக்கு ஐந்து தொட்டி: மூன்று மிளகாய், இரண்டு தக்காளி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கட்டடத்தில் முதல் ஆளாக அலுமினிய பேசினைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்துவிடுவாள். "நம்ம வீட்டுக்குப் போகத்தான் அண்ணி மத்தவங்களுக்கு" என்பாள்.

முயல்களுக்குக் காய்த்தோல் மட்டும் போதாது. வயிறு புல்லைக் கேட்கும். வாய்க்கால் கரையில் போய் அவளே அறுத்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் கரை வழுக்கி விழுந்தாள். முட்டி பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. நான்கு நாள் படுத்துக் கிடந்தாள். முயல்கள் கூண்டுக் கம்பியைக் கடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் தம்பி அறைக்குள் தலையை நீட்டினான். "நீ கரைப் பக்கமெல்லாம் போகாதக்கா. மைதானத்துல வெட்டுற புல்லு சும்மாத்தானே போகுது. நான் கொண்டு வரேன்."

நாற்பத்தைந்து வயதில் அவன் தானாக வந்து அவளுக்கென்று ஒன்று செய்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு மூட்டைப் புல் வந்து இறங்கியது. வெட்டிய புல்லை ஈரத்தோடு போட்டால் முயலுக்கு வயிறு ஊதிவிடும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே படியில் பரப்பி உலர்த்தினாள். நல்ல புல். ஒரு களை இல்லை, ஒரு முள் இல்லை, ஒரு அகல இலை இல்லை. அவளும் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தம்பியை மெச்சிக்கொண்டாள்.

வாரம் இரண்டு மூட்டை வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பேசின் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. "தொட்டி நிறைய கிடக்கு அண்ணி, மத்தவங்களுக்குக் கொடுங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி. பரவாயில்லையே, இவளுக்கும் தாராள மனசு வந்துவிட்டதே என்று முயலக்கா அதையும் மெச்சிக்கொண்டாள். மெச்சுவதற்கு அந்த மாதத்தில் அவளுக்குப் பஞ்சமே இல்லை.

ஐந்தாவது வாரம் போஸ்ட்மாஸ்டர் ஒரு தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு கீழே வந்தார். வழியெல்லாம் மண் சிந்தியிருந்தது.

"என்னம்மா இது?"

செடியின் கொழுந்து சுருண்டு உள்பக்கமாக மடிந்திருந்தது. இலை இலையாகவே இல்லை. நூல் நூலாக முறுக்கிக்கொண்டு நின்றது. தண்டு கோணிக்கொண்டு பூமியைப் பார்த்தது. "பதினெட்டுத் தொட்டியும் இப்படித்தான் இருக்கு. மேல வந்து பாரு. எல்லா வீட்டு பீன்ஸும் போச்சு, கத்தரியும் போச்சு. உன் எருவைப் போடாத ரோஜாத் தொட்டி ஒண்ணுதான் நல்லா இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

அர்த்தம் அவளுக்குத் தெரியவில்லை. முயல்கள் கொழுகொழுவென்று இருந்தன, கிழவிகூடத் துள்ளியது. ஆனால் கட்டடத்தில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. முயலுக்கு ஏதோ சீக்கு. செடிக்கு வந்தது நாளை மனுஷருக்கு வரும். மூன்றாம் மாடியில் ஒரு குழந்தைக்கு ஏற்கனவே இருமல். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திங்கட்கிழமை காலையில் கேட்டில் நான்கு பைகள்தான் தொங்கின. செவ்வாய்க்கிழமை ஒன்று. அது ஏதோ ஞாபகமறதியில் மாட்டியது. பத்து மணிக்கு வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் சுருண்ட கொழுந்து ஒன்றைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி, செடி விற்கும் நர்சரிக்காரரிடம் போனாள். அவர் தாளைப் பிரித்து முழுசாகப் பார்க்கக்கூட இல்லை.

"இது சீக்கு இல்லம்மா. களைக்கொல்லி."

"நான் எந்த மருந்தும் அடிக்கலையே. எரு மட்டும்தான். முயல் புழுக்கை."

"முயலுக்கு என்ன போடறீங்க?"

"புல்லு."

"அதான். புல்லு மட்டும் வளரணும், மத்த களையெல்லாம் சாகணும்னு ஒரு மருந்து அடிப்பாங்க. புல்லைத் தின்ன பிராணிக்கு ஒண்ணும் ஆகாது. அது வயித்துல தங்காம அப்படியே வெளிய வந்துடும். அந்த எருவைப் போட்டா தக்காளி, பீன்ஸ், மிளகாய் எல்லாம் இப்படித்தான் முறுக்கிக்கும்." அவர் கொஞ்சம் யோசித்தார். "சந்தேகமா இருந்தா ரெண்டு தொட்டியில பீன்ஸ் விதை போடுங்க. ஒண்ணுல இந்த எரு, ஒண்ணுல வெறும் மண்ணு. மூணு வாரத்துல பீன்ஸே சொல்லிடும். பொய் சொல்லாது."

அவள் போட்டாள். ஜன்னல் விளிம்பில் இரண்டு டப்பா. இதற்கிடையில் முட்டி வலியோடு வாய்க்கால் கரைக்குப் போய்ப் பழையபடி புல் அறுத்துக்கொண்டு வந்தாள். மூன்று வாரத்தில் வெறும் மண்ணில் போட்ட பீன்ஸ் கை விரித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. மற்றது தணலில் காட்டிய தாள் மாதிரி சுருண்டுபோனது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியின் முன்னால் வைத்தாள்.

"மைதானத்துல மருந்து அடிச்சாங்களாடா?"

அவன் டப்பாவைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். "எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் வண்டி ஓட்டறவன். அடிக்கிறவன் வேற ஆளு. என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல."

"அப்ப ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல சொல்லிடறேன். தப்பு முயல் மேல இல்ல, புல்லு மேலதான்னு."

"அக்கா, அக்கா!" அவன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான். "மைதானத்துப் பேரை எடுத்துடாதக்கா. வெட்டின புல்லை வெளிய கொண்டு போகவே கூடாது, குழியிலதான் கொட்டணும்னு உத்தரவு. உனக்காகத்தானே கொண்டு வந்தேன்? தெரிஞ்சா வேலை போயிடும். நான் எங்க போவேன்?"

சுவரைப் பார்த்துப் படுத்த பதினான்கு வயதுப் பையன்தான் பேசினான். நமக்காகக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டானே, ஒன்றும் தெரியாத மடையன் என்று அவளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. அக்கா என்கிற ஜன்மத்துக்கு எந்த வயதிலும் புத்தி வராது.

மொட்டைமாடியில் கூட்டம். பலகை ஏற்கனவே இறங்கிவிட்டது. சுவரில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது. பட்டுப்போன தொட்டிகளின் நடுவே எல்லோரும் நின்றார்கள். முயலக்கா நிமிர்ந்து நின்று சொன்னாள்: "முயலுக்கு ஒரு சீக்கும் இல்ல. முட்டி வலின்னு கரைக்குப் போகாம, எங்கயோ கிடைச்ச மருந்தடிச்ச புல்லைப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. இப்ப நல்ல புல்லுதான் போடறேன். இனிமே முதல்ல பீன்ஸ் போட்டுப் பார்த்துட்டுத்தான் எரு கொடுப்பேன். எல்லார் தொட்டி மண்ணையும் நானே மாத்தித் தரேன்."

நம்புவார்கள் என்று அவள் நினைத்தாள். பதினோரு வருடம் சாப்பிட்ட தக்காளி கொஞ்சம் பேசும் என்று நினைத்தாள்.

"எங்கயோ கிடைச்சதுன்னா எங்கம்மா?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"ஞாபகமில்ல சார்."

"விலாசம் இல்லாத கடிதம் மாதிரி பேசறியே." அவர் அவளை விட்டுவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார். "வீடு உங்க பேர்ல இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

தம்பி தொண்டையைச் செருமினான். முயலக்கா அவனைப் பார்த்தாள். அவன் மைதானத்தைச் சொல்ல வேண்டாம். ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னால் போதும். அவ்வளவுதான் அவள் எதிர்பார்த்தது.

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு" என்றான் தம்பி. "அக்காவுக்கும் வயசாயிடுச்சு, கண்ணும் சரியில்ல, எதைப் போடறோம்னு தெரியாம போடுது. முயலையெல்லாம் அனுப்பிடலாம். நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வந்தது 'இவன்தான்' என்ற சொல். அதைப் பல்லால் கடித்து விழுங்கிவிட்டுப் படியிறங்கினாள்.

புதன்கிழமை பண்ணைக்காரர் வந்தார். பதினான்கு முயலையும் மூன்று பெட்டியில் ஏற்றினார். கிழவியைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, "இது பெருசா தேறாதும்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பதினோரு வருடமாக அவள் கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அதை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்கலாமா என்று வாசலைப் பார்த்தாள். வாசலில் தம்பி கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை குழாய் வேலைக்காரர் வந்து கொல்லையை அளந்தார். துணி துவைக்கும் மெஷின் வைக்கப்போகிறார்களாம். "ரொம்ப நாளா இடமில்லாம இருந்துச்சு" என்று தம்பி பெண்டாட்டி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாயை முன்னறை பால்கனி வழியாக இழுக்க வேண்டும் என்றார் அவர். "அண்ணி, அந்தத் தொட்டியெல்லாம் கொஞ்சம் ஓரமா தள்ளி வைங்களேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முட்டி போன நாளிலிருந்து முயலக்கா முன்னறைக்கு வருவதே அபூர்வம். பால்கனிக் கதவைத் திறந்தாள். ஐந்து தொட்டி. மிளகாய்ச் செடிகள் இலையை அகல விரித்துக்கொண்டு, காய் தாங்காமல் நின்றன. தக்காளி கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தது. ஒரு கொழுந்துகூட மடியவில்லை.

காஜா போட்டவளுக்குக் கணக்கு தப்பாது. முதல் மூட்டை வந்தது வியாழக்கிழமை. பேசின் வராமல் நின்றது அதற்கு அடுத்த ஞாயிறு. ஒரு வாரம்கூடத் தவறாமல் பதினோரு வருடம் வந்த பேசின்.

"ஏம்மா, அந்த மாசம் நீ ஏன் எரு எடுக்கல?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

தம்பி பெண்டாட்டியும் சாதாரணமாகத்தான் பதில் சொன்னாள். சமையலறையில் கை வேலையாக இருந்தாள், யோசிக்கவில்லை. "அவர்தான் சொன்னார் அண்ணி. மருந்தடிச்ச புல்லு, கொஞ்ச நாளைக்கு நம்ம செடிக்குப் போட்டுடாதேன்னு." பிறகுதான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. வாசலுக்கு வந்து நின்றாள். "குழி மைதானத்துக்கு அந்தக் கோடியில இருக்காம் அண்ணி. தினமும் அவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகணும். பாவம், அவருக்கும் இடுப்பு வலி."

அவ்வளவுதான். வன்மம் இல்லை, சதி இல்லை. வன்மமாக இருந்திருந்தாலாவது அவன் அக்காவைப் பற்றிக் கொஞ்ச நேரம் நினைத்திருப்பான். குழி தூரம், வீடு பக்கம். ஸ்கூட்டரில் வந்த அந்த மூட்டை பாசம் அல்ல, குப்பை. அதைத்தான் அவள் படியில் பரப்பி, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக உலர்த்தினாள். நினைக்க நினைக்க முயலக்காவுக்கு அழுகை வரவில்லை. தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அவள் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில், தூக்கி எறிய மனம் வராமல் கட்டிவைத்திருந்த கடைசிச் சாக்கு இருந்தது. அந்த மாதத்துப் புழுக்கை. சமையலறை ஆணியில் தொங்கிய அலுமினிய பேசினை எடுத்தாள், நிரப்பினாள், முன்னறை வழியாக நடந்தாள். தம்பி சோபாவில் உட்கார்ந்திருந்தான். முன்பக்கக் கம்பிக் கதவருகே போஸ்ட்மாஸ்டர், மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற தேதிக்குக் கையெழுத்து வாங்க நோட்டோடு நின்றார். யாருக்கும் தெரியாமல் செய்ய அவள் ஒன்றும் தம்பி இல்லை.

தொட்டிக்கு ஒரு பிடி. தண்டுக்கு நான்கு விரல் தள்ளி, சுற்றிலும் தூவி, மண்ணைக் கிளறி மூடினாள். முதல் தொட்டி, இரண்டாவது தொட்டி.

"ஐயோ அண்ணி, அதைப் போடாதீங்க!" என்று தம்பி பெண்டாட்டி ஓடிவந்தாள். "என்னங்க, பாருங்க, அந்த எருவைப் போடறாங்க! எல்லாம் சுருண்டு போயிடும்!"

தம்பி எழுந்தான். போஸ்ட்மாஸ்டர் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். காய்த்துக் குலுங்குகிற ஐந்து தொட்டியைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் கடிதத்தைப் பிரிக்காமலே உள்ளே என்ன என்று ஊகித்த ஆள். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று முயலக்காவுக்கும் தெரிந்தது. அவள் கை நின்றது. இப்போதாவது ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

"சரி விடும்மா" என்றார் போஸ்ட்மாஸ்டர். "முயல்தான் போயிடுச்சே. இனிமே எதுக்கு வீணா பேச்சு?" நோட்டைக் கம்பி இடுக்கில் நீட்டினார். தம்பி கையெழுத்துப் போட்டான். அவர் மாடியேறிப் போய்விட்டார்.

முயலக்கா மூன்றாவது தொட்டிக்கும் நான்காவது தொட்டிக்கும் ஐந்தாவது தொட்டிக்கும் போட்டாள். வாளியிலிருந்து தண்ணீர் விட்டாள். பேசினைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அவள் நகர்ந்ததும் தம்பி பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். சேறாகிவிட்ட மண்ணுக்குள் இரண்டு கையையும் விட்டு, ஊறிக் கரைய ஆரம்பித்த புழுக்கையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டான். நகத்துக்குள் ஏறியது, மணிக்கட்டு வரை அப்பியது. அவன் மூக்கைப் பிடிக்கவில்லை. பதினோரு வருடத்தில் அவன் அதைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான்.

"கையைக் கழுவிட்டு உள்ள வாடா" என்றாள் முயலக்கா.